இரண்டு பிரதிகளும் ஒன்றே

ஃபியூஸின் அக்கா ஐந்து வருடமாக ஒரே ஒரு மரத்தில் ஏறி இறங்கும் கட்டெறும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிப் படிப்பு. இதைக் கேட்டதும் சிரிப்பு வருவது இயல்பு, எனக்கும் வந்தது. பிறகு ஒருநாள் அவள் எண்ணுவதை நேரில் பார்த்தேன். கொசு கடித்தால்கூடக் கையை அசைக்க மாட்டாள். கை அசைந்தால் கண் நகரும், கண் நகர்ந்தால் எண்ணிக்கை தப்பும், தப்பினால் அன்றைய கணக்கு முழுவதையும் தானே அடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். யாரும் சரிபார்க்காத ஒரு விஷயத்தில் ஒருவர் இவ்வளவு நேர்மையாக இருப்பதை எங்கள் கல்லூரி வளாகத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் துறையில் மற்றவர்கள் ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு வருடத்து எண்களை உட்கார்ந்த இடத்திலேயே விளைவித்துவிடுவார்கள். அக்காவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து இரண்டு வாரம் மரத்தடிக்குப் போக முடியவில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், நீயே நிரப்பிக்கொள் அம்மா, எறும்பு வந்து புகார் கொடுக்கவா போகிறது என்றாராம். அக்கா அந்த இரண்டு வாரத்துக்கும் கோடு போட்டு வைத்தாள். கோடு போட்ட அட்டவணை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார்.

ஐந்தாவது வருட முடிவில் கல்லூரி நிர்வாகம் அந்த மரத்தை வெட்டியது. அதன் நிழலில் நின்றுகொண்டிருந்த கார்களுக்கு நிழல் வேண்டும் என்று அதே இடத்தில் தகரக் கூரை போட்டார்கள். ஆக, அந்த எறும்புகள் இனி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. அக்காவின் லேப்டாப்பில்.

லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்ததால் வயரைச் சுவரில் செருகி வைத்தால் மட்டும் உயிரோடு இருக்கும். ஒரு மதியம் அது யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுதியும் காட்டியது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். காலை ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா, ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தார். அவர் பேருந்து ஓட்டுநர். சும்மா ஓடுகிற எதைப் பார்த்தாலும் மனது தாங்காது. ஃபேனை அணைத்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு சுவிட்சையும் அணைத்தார்.

அதற்குப் பிறகு லேப்டாப்பைப் போட்டால் விளக்கு எரியும், உள்ளே காற்றாடி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

அக்கா அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவர் வீட்டில் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. குளியலறை விளக்கு பகல் முழுக்க எரிந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், அதுவும் பாதி.

ரிப்பேர் கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, போர்டையே மாற்றிவிடலாம் என்றார். உள்ளே இருக்கும் ஃபைல்கள் என்ன ஆகும் என்று அக்கா கேட்டாள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது, பூட்டைத் திறக்கிற ரகசியம் பழைய போர்டில் இருக்கிறது என்றார். பூட்டைத் திறக்க அவசரத்துக்கு ஒரு நீள எண் கொடுத்திருப்பார்களே, அதை எங்கே வைத்தீர்கள் என்றும் கேட்டார். அதை அக்கா பத்திரமாக லேப்டாப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். அந்த எண்ணின் இன்னொரு பிரதி கல்லூரி கொடுத்த இணையக் கணக்கில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் படிப்பவர்கள் மாணவர்களே அல்ல என்று முடிவு செய்து கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க மட்டும் அவள் மாணவிதான், அதற்குக் கடைசி நாள் அடுத்த வாரம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளி வைத்தாயிற்று. மூன்றாவது முறைக்கு விதி இல்லை.

அப்போதுதான் ஃபியூஸ், "நான் பாத்துக்கறேன்கா, நீ கவலைப்படாத" என்றான்.

ஃபியூஸ் என் வகுப்புத் தோழன். முதலாமாண்டு செய்முறைத் தேர்வில் அவன் எதையோ எங்கோ இணைக்க, மூன்று மாடிக்கும் கரண்ட் போய்த் தேர்வு தள்ளிப்போனது. யாருமே படித்திருக்கவில்லை. அந்த நன்றியில் வைத்த பெயர்.

அவன் எங்களுக்கு விளக்கினான். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் முதல் வார்த்தைகள் போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்பில் இருக்கின்றன. எட்டுக் கால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பாதியில் கரண்ட் போனதால் அந்த வார்த்தைகள் கெட்டுவிட்டன. பூட்டின் ரகசியமும் அதே சிப்பில் வேறொரு மூலையில் கெடாமல் இருக்கும். முதலில் சிப்பில் உள்ளதை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். பிறகு சிப்பை அழித்துவிட்டு, கம்பெனி கொடுத்திருக்கும் புதிய வார்த்தைகளை எழுத வேண்டும். கடைசியில் பிரதியிலிருந்து அந்த மூலையை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். இதற்கெல்லாம் புரோகிராமர் என்று ஒரு கருவி இருக்கிறது. கடையில் ஸ்டாக் இல்லை, வரவழைத்தால் கடைசி நாளுக்குப் பிறகு வந்து சேரும். அதனால் என்ன, நாமே செய்வோம் என்றான்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு புத்திசாலிக் குப்பைத்தொட்டி. ஆள் கிட்டே போனால் தானாக மூடி திறக்கும். ஆள் போன பிறகு மூடாது. ஃபியூஸ் அதன் மூளையைக் கழற்றினான். சிப்பின் கால்களைப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் பல்லில் எட்டு ஊசிமுனைகளை ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயரை இழுத்துக் குப்பைத்தொட்டியின் மூளையில் பற்றவைத்தான். ஆறு வருட ஆராய்ச்சி ஒரு துணிக் கிளிப்பை நம்பி நின்றது. இதை நான் சொன்னபோது அக்காவே சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது. அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். கிளிப் நழுவாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. நான்கு வருடப் பொறியியல் படிப்பை நான் பயன்படுத்திய முதல் சந்தர்ப்பம்.

வேலை தொடங்கும் முன் சிப்பிடம் நீ யார் என்று கேட்பது இந்தத் தொழிலில் வழக்கமாம். சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். ஃபியூஸ் தன் நிரலில் அதை வைக்கவில்லை. சிப்பின் முதுகிலேயே எல்லாம் அச்சிட்டிருக்கும்போது எதற்கு விசாரணை என்றான். சரியாகத்தான் பட்டது.

சிப்பை ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான். இரண்டையும் ஒப்பிடச் சொன்னான். அவன் நிரல் தமிழில்தான் பேசும், ஆங்கிலத்தில் திட்டு வாங்க அவனுக்குப் பிடிக்காது. திரையில் வந்தது: இரண்டு பிரதிகளும் ஒன்றே.

அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "உள்ள என்ன இருக்குன்னு பாத்தியாடா?"

"ரெண்டு தடவ படிச்சு ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்குக்கா. இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

அக்கா தலையாட்டினாள். அவளும் அப்படித்தான் செய்வாள். ஒரே கிளையை இரண்டு முறை எண்ணி, இரண்டும் பொருந்தினால் மட்டுமே லேப்டாப்பில் ஏற்றுவாள். அவளுடைய முறையையே அவன் சொன்னபோது அவளால் வேறு என்ன கேட்க முடியும்?

ஃபியூஸ் சிப்பை அழித்தான். அழிந்துவிட்டதா என்று படித்துப் பார்த்தான். ஒரு எழுத்து மிச்சமில்லை, சுத்தமாக இருந்தது. புதியதை எழுதினான். சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்தான். அப்போதும் சுத்தமாகவே இருந்தது.

மறுபடி எழுதினான். மறுபடியும் ஒன்றுமில்லை. என் கை மரத்துப்போயிருந்தது, நான்தான் ஆட்டிவிட்டேனோ என்று கிளிப்பை இன்னும் அழுத்திப் பிடித்தேன். ஃபியூஸ் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தான். நான்காவது வயர் கையோடு வந்துவிட்டது. சிப் சொல்வதைக் கேட்டு வரும் வயர் அது, நாம் சொல்வதைக் கொண்டுபோவது வேறு வயர். பற்றவைத்த ஈயம் பிடிக்கவே இல்லை, மேலே பொட்டு வைத்தது போல் உட்கார்ந்திருந்தது.

"இவ்ளோதான் மச்சான். ஒரு பொட்டு ஈயம் நம்மள இந்தப் பாடு படுத்துது" என்றான்.

பற்றவைத்தான், எழுதினான், படித்தான். எல்லாம் பொருந்தியது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

லேப்டாப்பின் அடிமூடியை மாட்டி, வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். சற்று நேரம் கறுப்பு. பிறகு கம்பெனியின் சின்னம் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து ஒரு நீலத் திரை வந்து, பூட்டைத் திறக்க அந்த நீள எண்ணைக் கேட்டது.

"இது வரும்னு தெரியும்கா. ரகசியம் இன்னும் அதோட எடத்துக்குப் போகலைல்ல. இப்ப வச்சிடறேன்" என்று ஃபியூஸ் தன் கம்ப்யூட்டரில் பிரதியைத் திறந்தான்.

திரை முழுக்க எஃப் எஃப் எஃப் எஃப் என்று இருந்தது. கீழே போனான். அங்கேயும் அதேதான்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. சிப் காலியாக இருந்தாலும், எதுவும் சொல்லாவிட்டாலும், கருவி எஃப் என்றுதான் குறித்துக்கொள்ளும். யாருமே பேசாத போனைக் காதில் வைத்து இரண்டு முறை கேட்டுவிட்டு, இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்தது என்று நாங்கள் திருப்திப்பட்டிருக்கிறோம்.

ஃபியூஸின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதை விலக்கிவிட்டு மவுஸைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது பிரதியத் தெற."

திறந்தான். அக்கா முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். வேறு யாராக இருந்தாலும் பத்து வரியில் விட்டிருப்பார்கள். அவள் விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கீழே இறங்கினாள், கண் நகராமல். எங்காவது ஒரு மூலையில் வேறு ஓர் எழுத்து ஊர்ந்து வந்துவிடாதா என்று நானும் கூடவே பார்த்தேன். ஃபியூஸ் பார்க்கவில்லை. கழன்று வந்த அந்த வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரி வந்ததும் அக்கா அவனிடம் திரும்பினாள்.

"அந்த வயர் மொதல்லேர்ந்தே விட்டிருந்துச்சா?"

அவன் தலையாட்டினான்.

"சிப்புல இருந்தது?"

"அழிச்சிட்டேன்கா."

அக்கா, சரி என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தவன் மேசையில் தலையைச் சாய்த்து முகத்தை மூடிக்கொண்டான். நான் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி, காலையில். பார்த்தியா என்று. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவளும்தான்.

அப்பா வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து அக்காவின் லேப்டாப் திரையில் இருப்பது தெரியாது. திரையின் வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுவது தெரியும்.

"எரியுதாம்மா?"

ஃபியூஸ் தலையை நிமிர்த்தினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

"எரியுதுப்பா. தம்பி சரி பண்ணிட்டான்."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்து, பெரிய ஆளுடா நீ என்றார். ஃபியூஸ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். சமையலறையில் தம்ளர் வைக்கும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"எல்லாம் அப்படியே இருக்காம்மா? ஒண்ணும் போகலையே?"

"அப்படியே இருக்குப்பா."

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆறு வருஷமா நானும் என்னன்னு கேட்டதே இல்ல. எனக்கு என்ன புரியப்போகுதுன்னு விட்டுட்டேன். இப்பக் கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். நீலத் திரையைப் பார்த்தபடி படிக்க ஆரம்பித்தாள். அவருக்குப் புரிகிற மாதிரி, பேச்சுத் தமிழில். மரம் எங்கே இருந்தது, அதில் எத்தனை கிளை, எறும்புகள் ஏறுவதற்கு ஒரு தடம், இறங்குவதற்கு வேறு தடம், ஒன்றில் கூட்டம் அதிகமானால் மற்றது எப்படி வழி விடும். முன்னுரை அவளுக்கு மனப்பாடம். அப்பா முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டார். எங்க டெப்போவுல இந்த ஒழுங்கு கெடையாது என்றார்.

"மூணாவது வருஷம், மழை வர்றதுக்கு முந்தின வாரம், வடக்குக் கிளையிலேர்ந்து ஒரு மணி நேரத்துல எறங்குனது" என்றவள் நிறுத்தினாள்.

உதடு அசைந்தது, எண் வரவில்லை. ஞாபகத்தில் தேடுகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சமையலறை வாசலில் ஃபியூஸ் நின்றிருந்தான்.

"எத்தனம்மா?"

"நானூத்திப் பன்னெண்டுப்பா."

"யம்மா" என்றார் அப்பா, மலைப்போடு. உட்கார்ந்து எண்ணியிருக்கிறாளே என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு அவளிடம், "அப்ப ஏறுனது?" என்று கேட்டார்.

அதற்கும் ஓர் எண் சொன்னாள். இந்த முறை யோசிக்கவே இல்லை.