நிம்போவுக்கு வைத்த பிளெக்ஸ்

சனிக்கிழமை காலை ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜோமோள், போடிமெட்டு முக்கில் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவில் அவள் வரைந்த படம் பிளெக்ஸாகத் தொங்கியது.

அது நிம்போவின் படம். ஒரு ஜப்பான் கம்பெனி விற்கும் விளையாட்டு அட்டைகளில் வருகிற பிராணிதான் நிம்போ. கீரி அளவு உடம்பு, அதைவிடப் பெரிய மேக வால். அந்த அட்டைகளைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜோமோளும் அவர்களில் ஒருத்தி. ‘உங்கள் ஊரில் நிம்போ’ என்று ரசிகர்களுக்குக் கம்பெனி ஒரு படப்போட்டி அறிவித்திருந்தது. தேர்வாகும் படம் அட்டையிலேயே அச்சாகும். அதன் மூலையில் வரைந்தவர் பெயர் எறும்பளவு எழுத்தில் இருக்கும். அங்கே தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வருடம் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

போனிலேயே விரலால் வரைந்த படம் அது. மலைப்பாதையில் ஒரு ஜீப், அதன் பானட்டில் நிம்போ. அதன் வால் விரிந்து விரிந்து கணவாய் முழுக்கப் பனிமூட்டமாகிறது. ஜீப் அவளுடைய தாய்மாமா ஏசுரத்தினத்தினுடையது. ஏலத்தோட்டத்துக்குப் பறிப்புக்காரப் பெண்களை ஏற்றிப் போகிற வண்டி. ‘என் வண்டியை எப்படிப் போட்டிருக்கே, காட்டு’ என்று அவர் நச்சரித்ததால் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த மலையில் பத்தாவது பாஸானால் பிளெக்ஸ், நர்ஸிங் சீட் கிடைத்தால் பிளெக்ஸ். ஏசுரத்தினம் தன் ஜீப் எஃப்.சி. தேறியதற்கே பிளெக்ஸ் வைத்தவர். இப்போது, ‘உலகப் போட்டியில் களமிறங்கும் எங்கள் குலவிளக்கு ஜோமோளுக்கு வாழ்த்துகள்’ என்ற வரிக்குக் கீழே, கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பி நின்றிருந்தார். பிளெக்ஸுக்கு அடியிலும் அதே கூலிங் கிளாஸோடு நின்றிருந்தார்.

“எப்பிடி மருமகளே? பூப்பாறை ஜோபி கடையில நேத்தே அடிச்சு வாங்கியாந்துட்டேன்ல.”

“மாமா, நான் இன்னும் படத்தை அனுப்பவே இல்லை!”

“அனுப்பு. யாரு வேணாங்குறா?”

“இதுக்கு முந்தி எங்கேயும் வெளிய வந்த படமா இருக்கக் கூடாது. அதுதான் ரூலு. நாளைக்குச் சாயங்காலம் கடைசி.”

“இதென்னாத்தா, ஜப்பான்காரன் போடிமெட்டுக்கு டீ குடிக்க வந்தா பாக்கப் போறான்?”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சுற்றுலா வேன் ஒன்றிலிருந்து இறங்கிய பெண், “ஏ, நிம்போடீ!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து பிளெக்ஸின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாள். அதை நெட்டில் ஏற்ற டவர் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, “போயிருச்சு, போயிருச்சு” என்று தோழியிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஏசுரத்தினம் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

தோட்ட வேலைக்குக் கிளம்பி ஜீப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா கத்தரீனாள், ஜோமோளின் அம்மா, தலையை வெளியே நீட்டினாள். “ஏன்டா, பிளெக்ஸு வைக்கலைன்னா உனக்கு உசுரு போயிருமா? பிள்ளை மூஞ்சியப் பாரு!”

“தப்புதான்க்கா.” அவரே கம்பத்தில் ஏறி அவிழ்த்தார். சுருட்டி ஜீப்புக்குள் போட்டார். “நீயும் ஏறு தாயி. இன்னொண்ணு வரைஞ்சிருவ. கடையில உக்காந்தா வராது.”

தோட்டத்துக்குப் போயும் ஒன்றும் வரவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்து ஜோமோள் வரைந்தாள், அழித்தாள். அருவி வரைந்தாள், காலண்டர் மாதிரி இருந்தது. யானை வரைந்தாள், யானையின் பக்கத்தில் நிம்போ காணாமலே போனது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மழை பிடித்தது. ஏசுரத்தினம் ஓடிப்போய் அந்த பிளெக்ஸை எடுத்துவந்து நான்கு மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டினார். பறிப்புக்காரர்கள் எல்லோரும் தூக்குச்சட்டிகளோடு அதன் அடியில் நுழைந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

கட்டிய அவசரத்தில் அச்சுப்பக்கம் கீழே பார்த்திருந்தது. சோற்றில் கைவைத்த நாச்சம்மாள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர்மேலே ஏசுரத்தினம் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

“ஏய்யா ரத்தினம், இப்பிடி மேல இருந்து கும்புட்டுக்கிட்டே இருந்தா எப்பிடிய்யா சோறு எறங்கும்?”

“அவன் கும்புடலைடி. ஒரு வாய் கேக்குறான்” என்றாள் கத்தரீனாள்.

“அக்கா, நீயுமா?” என்றார் மழையில் வெளியே நின்ற நிஜ ஏசுரத்தினம்.

“உள்ள வாய்யா, நனையாத. ரெண்டு ரத்தினத்தையும் நாங்க தாங்கிக்கிறோம்!” என்றாள் நாச்சம்மாள்.

அவர் நுழைய, எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். காலையிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்திருந்த ஜோமோளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே போனை எடுத்தாள்.

இந்த முறை விரல் நிற்கவில்லை. நீலப் படுதா ஒன்று. அதன் அடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெண்கள். நடுவில் பிதுங்கியபடி நிம்போ, நனைந்த தன் மேக வாலை ஈரத்துண்டு மாதிரி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிகிறது. பிழிந்த தண்ணீர் பக்கத்துப் பெண்ணின் ரசச்சட்டியில் விழுகிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தும் வண்ணம் தீட்டினாள். சாயங்காலம், தமிழ்நாட்டு டவர் எட்டுகிற வளைவுக்கு ஏசுரத்தினம் கூட்டிப்போனார். அவள் படத்தை ஏற்றும்போது, அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“பாருங்க மாமா.”

“வேணாம் தாயி. பாத்தா என் கை சும்மா இருக்காது.”

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க மூவரும் போடிக்கு இறங்கிய அன்று, அதே வளைவில் ஜோமோளின் போன் சிணுங்கியது. கம்பெனியின் மெயில். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். “மாமா, வண்டியை நிறுத்துங்க” என்றாள்.

தேர்வாகிவிட்டது. அட்டையில் வருகிறது. கீழே இன்னொரு வரி: நாங்கள் அறிவிக்கும்வரை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது.

கத்தரீனாள் மகளின் தலையை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். ஏசுரத்தினம் கீழே ஊர் ஊராகத் தெரிந்த சமவெளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“யாருகிட்டயுமேவா?”

“யாருகிட்டயுமே.”

“டீக்கடையில மட்டும்?”

“மாமா!”

வண்டியை எடுத்தார். முதல் வளைவில் ஹாரனை ஒரு தடவை அடித்தார். அடுத்த வளைவில் மூன்று தடவை. அதற்கடுத்ததில் கையை எடுக்கவே இல்லை. எதிரே ஏறி வந்த பஸ்ஸை ஓரங்கட்டிய டிரைவர் சன்னலில் எட்டிப்பார்த்தார். “யோவ் ரத்தினம், என்னாய்யா? பிரேக் போயிருச்சா?”

“வளைவுல ஹாரன் அடிக்கணும்னு போர்டு வச்சிருக்கான்ல! படிக்கத் தெரியாதா?” என்றார் ஏசுரத்தினம், முகமெல்லாம் பல்லாக.

ஹாரன் சத்தமென்றாலே தலைவலி என்கிற கத்தரீனாள், பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

“அடுத்த வளைவு வருதுடா. நல்லா இழுத்து அடி.”