இடது மரை நட்டு

இப்போதெல்லாம் எவனும் கழற்றியதை எண்ணி வைப்பதில்லை. கழற்றுவது, எறிவது, புதுசை மாட்டுவது, அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவது. கடைசியில் ரெண்டு போல்ட் மிஞ்சினால், 'கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டுட்டான்' என்று ஒரு சிரிப்பு. நாற்பது வருடம் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த பெரியவருக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மருமகனின் ஒர்க்‌ஷாப்புக்கு அவர் வந்ததே மகள் கெஞ்சியதால்தான். தூக்கிப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. ரெண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி கொடுத்த வேகம் போதாதென்று மருமகன் அதை நோண்டிக்கொண்டே இருந்தான். போன வாரம் டர்போ சிதறியது. இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற காற்றாடி அது. புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

மத்தியானத்துக்குள் புதுசு ஏறிவிட்டது. மருமகன் குழாய்களை இறுக்கிக்கொண்டிருக்க, பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய டர்போவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கைகள் எலி கடித்த மாதிரி இருந்தன. தண்டின் நுனியைத் தடவிய விரல் அங்கேயே நின்றது.

"மாப்பிள்ளை, இதுல இருந்த நட்டு எங்க?"

"எந்த நட்டு மாமா?"

"காத்தாடியப் பிடிச்சிருக்கிற நட்டு. மரை இருக்கு, நட்டக் காணோம்."

"குப்பையில கிடக்கும்."

"குப்பையக் கொட்டிப் பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்சு நட்டுக்குக் கால் முளைக்காது."

மருமகன் ஸ்பானரைக் கீழே வைத்தான். டர்போவிலிருந்து கிளம்பும் காற்று முன்பக்கம் இருக்கிற இன்டர்கூலருக்குள் போய் ஆறி, அங்கிருந்து குழாய் ஏறி இன்ஜின் வாசலுக்கு வரும். அந்த வாசலில் தட்டு மாதிரி ஒரு கதவு. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். நட்டு போன வழியும் இதே வழிதான்.

"கேமரா விட்டுப் பாத்துட்டேன் மாமா. இன்டர்கூலர்ல நட்டு எதுவும் தெரியல. தட்டியும் பாத்தேன், ஒரு சத்தம் இல்ல."

"எப்படி வரும்? டர்போ போனப்ப எண்ணெய் பூரா அதுக்குள்ளதான இறங்கிருக்கு. ஆறினா கோந்து மாதிரி பிடிச்சுக்கும். மலையில ஏத்தி நல்லா சூடேறட்டும், இளகிக் கிளம்பும். கதவு இடுக்குல போய் உக்காந்துச்சுன்னா நீங்க காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாது. அதைக் கழட்டிக் கழுவுங்க."

"முன்பக்கம் பூரா பிரிக்கணும், அரை நாள் போயிடும். நாலு மணிக்கு மலைப்பாதையில கூட்டாளிங்க எல்லாரும் வண்டியோட காத்திட்டிருப்பாங்க. உங்க மகளும் வர்றா."

அப்படி நிற்காமல் போய் மோதிய ஒரு வண்டியைப் பெரியவர் முன்பு பிரித்திருக்கிறார். வாசல் கதவின் இடுக்கில் கடலைப் பருப்பளவு இரும்புத் துண்டு. பிரேக் பெடல் வளைந்திருந்தது. மிதித்தவன் எவ்வளவு பலமாக மிதித்திருப்பான் என்று அன்றைக்கு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஆபீஸ் அறையிலிருந்து மகள் வந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"அப்பா, இதுவா பாருங்க. மேஜைக்கு அடியில கிடந்துச்சு."

சின்ன நட்டு. மருமகன் எட்டிப் பார்த்தான்.

"இதேதான். இப்பவாவது நிம்மதியா மாமா?"

மகள் போய் காரில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். மருமகன் சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியதில் சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கிணுகிணுத்தன.

பெரியவர் நட்டைத் துணியில் துடைத்தார். துணியில் கறையே ஏறவில்லை. தண்டின் நுனியில் வைத்து இடப்பக்கம் திருப்பினார். வழுக்கியது. வலப்பக்கம் திருப்பினார். அப்பவும் கடிக்கவில்லை. தண்டு சுற்றுகிற சுற்றில் கழன்றுவிடக் கூடாதென்று இந்த டர்போவுக்கு இடது மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ஊரில் இருக்கிற நட்டெல்லாம் வலது மரை.

அவர் கார் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"இதை எந்த டிராயர்ல எடுத்த?"

மகள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் காலையில இருந்து முறைச்சுக்கிட்டே இருந்தீங்க. சண்டை வேண்டாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

"சண்டை போனாப் போகுது. இறங்கு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "அப்பா சொல்றது நிசமாவே நடக்குமா?" என்று கேட்டாள்.

"ஆயிரத்துல ஒண்ணு," என்றான் அவன்.

அவள் பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். மருமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து காட்டுறேன்" என்று வண்டியை வெளியே விட்டான்.

அப்பனும் மகளும் வாசலில் நின்றார்கள். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. ஏறும், ஏறும், மூச்சைப் பிடிக்க வைக்கும், பிறகு இறங்கும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மகள் அவர் கையை விடுவாள். ஏறும்போது மறுபடி பிடிப்பாள். ஒரு தடவை உச்சியில் கொஞ்சம் அதிகமாக நின்றது. அப்புறம் இறங்கியது.

கால் மணியில் வண்டி திரும்பி வந்து நின்றது.

"பாத்தீங்களா மாமா? சும்மா வெண்ணெய் மாதிரி."

பெரியவர் முன்பக்க வலைக்குள் விரல்களை விட்டு இன்டர்கூலரைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"இது இன்னும் சூடேறவே இல்ல மாப்பிள்ளை. கோந்து கோந்தாத்தான் இருக்கும்."

"உங்களுக்கு எதைக் காட்டினாலும் நம்பிக்கை வராது."

"நட்டைக் காட்டுங்க, வரும்."

மகள் குனிந்து காருக்குள் கையை விட்டுச் சாவியை உருவினாள். "நாளைக்குக் கழட்டிக் கழுவு. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். மருமகன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி. நாளைக்கே கழட்டுறேன். போதுமா?" என்று சிரித்தான். மிஞ்சின போல்ட்டுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"கேட்டீங்கல்ல அப்பா? இனி நிம்மதியாப் போங்க."

பெரியவர் அந்தப் பொய் நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். மணி மூன்றே முக்கால். எந்தக் காருக்கும் கம்பெனிக்காரன் ஒரே ஒரு சாவி கொடுப்பதில்லை. அதை மகளிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு சண்டை ஆகும். அவளுக்கே தெரியாதா என்ன?

அவர் நடந்தார். தெருமுனை வரைக்கும், அந்த உறுமல் மறுபடி கிளம்புகிறதா என்று காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.