நான்காவது ஊர்

“நாலாவது ஊரை எடுத்தாச்சு” என்றார் கீப்பர், விடுதியின் சாப்பாட்டு மேசையில் தேநீரை உறிஞ்சியபடி.

“எடுத்தாச்சுன்னா?” என்றாள் அவர் மனைவி டீச்சர்.

“நேத்து அருங்காட்சியகத்துல ரெண்டு மணி நேரம் போச்சு. அதை எங்கயாவது புடிக்கணும்ல? நாலை கட் பண்ணிட்டா அஞ்சாவது ஊருக்கு டயத்துக்குப் போயிடலாம்.”

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி தாமதமானால் ஒரு டிரிப்பை வெட்டிவிடுவார்கள். சாயங்காலக் கணக்கு சரியாகிவிடும். வெட்டிய டிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி டிப்போவில் யாரும் கேட்பதில்லை. ஒன்பது நாளில் ஆறு பழைய ஊர்கள் என்று அவரே அட்டவணை போட்டு, வேனில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். அரண்மனை நாற்பது நிமிடம், பீரங்கி ஐந்து, கழிப்பறை ஏழு.

“நான் இந்தப் பயணத்துக்கு வந்ததே நாலாவது ஊருக்குத்தான்” என்றாள் டீச்சர்.

“என்ன அண்ணி, எல்லா ஊர்லயும் இடிஞ்ச செவுருதானே” என்றாள் நாத்தனார்.

“உன் வீட்டுக்காரர் அந்த அருங்காட்சியக பெஞ்சுல தூங்கினதுக்கு என் ஊரை ஏன் எடுக்கணும்?”

“அக்கா, நான் தூங்கல. கண்ணை மூடி வரலாற்றை நினைச்சுப் பாத்தேன்” என்றார் நாத்தனாரின் கணவர்.

“குறட்டை விட்டுக்கிட்டா?”

 டீச்சர் தேநீரைக் குடிக்காமலே எழுந்தாள்.

நாலாவது ஊரில் ஒரு கோபுரம். அதற்குள் இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே மேலே போகின்றன. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்படவே மாட்டார்கள். முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் அதை வரைந்திருக்கிறாள். முதல் வருடமே ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். வாய் தவறி, “ஓ, பாத்திருக்கேனே” என்றுவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் எவளாவது கேட்டாள்; இவளும் கூசாமல் அதையே சொன்னாள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிளம்பலாம் என்பாள். “சீசன் நேரம், டிப்போவுல லீவு தரமாட்டான்” என்பார் அவர். போன மாதம் அவளும் ஓய்வு பெற்றாள். பொய்யை மெய்யாக்க இந்த ஒரு பயணம்தான் மிச்சம்.

வேன் கிளம்பியது. ஒரு மணி நேரம் ஓடியது. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் டீச்சர் கைகாட்டிப் பலகையைப் பார்த்தாள். இடது பக்கம் நாலாவது ஊர், பதினெட்டு கிலோமீட்டர்.

“வண்டிய நிறுத்துங்க தம்பி.”

டிரைவர் கண்ணாடியில் கீப்பரைப் பார்த்தார். “சார் சொல்லணுமேம்மா...”

“கதவு என் பக்கம்தான் இருக்கு. ஓடுற வண்டியிலேர்ந்து குதிக்கட்டுமா?”

வண்டி நின்றது. அவள் கைப்பையோடு இறங்கினாள்.

“பைத்தியமா உனக்கு? தனியா எப்படிப் போவ?” கீப்பரும் இறங்கிவிட்டார்.

“பஸ்ல. டைம் கீப்பர் பொண்டாட்டிக்கு பஸ் ஏறத் தெரியாதா?”

“ஒரு படிக்கட்டுக்காக நாலு பேர் புரோகிராமைக் கெடுக்கற.”

“கெடுக்கல. நீங்க போங்க. டயத்துக்குப் போங்க! என்னைக்காவது என்னைக் கேட்டு ஒரு லைனை எழுதினீங்களா அந்தப் பேப்பர்ல? கழிப்பறைக்கு ஏழு நிமிஷம் குடுத்தீங்க, எனக்கு ஒண்ணும் குடுக்கல.”

“அண்ணி, ரோட்டுல நின்னு...”

“நீ வாயை மூடு!”

இடது சாலையில் திரும்பிய உள்ளூர் பஸ்ஸைக் கை நீட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கோபுரத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. தேய்ந்த கல்லில் கால் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பத்துப் படி, இருபது படி. சட்டென்று நின்றாள். படிகள் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் வரைந்ததெல்லாம் வலப்பக்கம். இறங்கிப் போய் அடுத்த படிக்கட்டிலும் ஏறிப் பார்த்தாள். அதுவும் இடப்பக்கம்தான்.

கைப்பேசி அடித்தது.

“பாத்தாச்சா? திருப்திதானே?” கீப்பரின் குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

“தப்பு.”

“என்ன தப்பு?”

“தப்பாப் போட்டிருக்கேங்க. முப்பத்தொரு வருஷமா, அத்தனை பிள்ளைங்களுக்கும் தலைகீழாச் சொல்லிக் குடுத்திருக்கேன். பாத்தேன்னு பொய் வேற!” குரல் கல்லில் மோதி அவளிடமே வந்தது. “ஒரே ஒரு கோடையில, ஒரே ஒரு நாள் கூட்டிட்டு வந்திருந்தா மறுநாளே அழிச்சு எழுதியிருப்பேன்.”



“சரி... எவ்வளவு நேரம் ஆகும்? வண்டியத் திருப்பச் சொல்லவா?”

“திருப்புங்க, திருப்பாம போங்க. எவ்வளவு நேரம்னு மட்டும் கேக்காதீங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே இறங்கி வந்து முதல் படியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.