கொடி தூக்காத கேவின்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷையரில், லெட்பரி ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில், ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை. மக்காச்சோளக் காட்டுக்குள் வெட்டிவைத்த புதிர்ப்பாதையில் நுழையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீளக் கழியில் ஒரு மஞ்சள் கொடி கொடுப்பேன். வழி தெரியாவிட்டால் அதைத் தூக்கினால் போதும். மரமேடையில் நிற்கும் நான் போய் அழைத்துவருவேன். பதினெட்டு வருடத்தில் கொடி தூக்கிய அப்பாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழை கொட்டும், பிள்ளை அழும், மனைவி பல்லைக் கடிப்பாள். அப்போதும் அப்பாக்கள், "இதோ, இந்தத் திருப்பந்தான்" என்பார்கள்.

2

தொடக்கம்: வானம் மூட்டமாக இருந்தது. கேவின் ப்ராசர் தன் மகளின்—

(வேண்டாம். இந்த ஊரில் வானம் மூட்டமாக இருப்பது ஒரு செய்தியா?)

சரி, நேராகவே சொல்கிறேன். கேவினுக்கு அன்று ஒரே வேலை. பத்து வயது மகள் ஹாட்டியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிரிந்துபோன மனைவிக்கு ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை மகளோடு கிளம்புகிறாள். "அவ உன்கூட இருக்கேன்னா இருக்கட்டும். ஆனா நீதான் கேக்கணும். உனக்காக நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நியாயமான பெண். அவள்மேல் குறை சொல்ல எதுவும் அகப்படாததால் கதையில் அவளுக்கு இனி இடமில்லை.

காலையில் நீராவி ரயிலில் கேட்பதாக இருந்தான். கேட்டது, "ஜன்னல மூடட்டுமா?" ஆந்தைப் பண்ணையில் கேட்பதாக இருந்தான், மழை வந்துவிட்டது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த காருக்குள் உட்கார்ந்து இருவரும் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டார்கள். இதைவிடத் தோதான இடத்தை நான் எங்கே போய்ப் பிடித்துத் தருவது? தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"திரும்பறப்ப லெம்ஸ்டர் வழியா போலாமா, ப்ரோம்யார்ட் வழியாவா?"

(எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்த் தேநீர் போட்டேன்.)

3

மணி நாலரை. சோளக்காடு. ஐந்தரைக்கு மூடுவோம்.

"அப்பா, இந்தச் சோளக்கொல்லைப் பொம்மைய மூணாவது தடவை பாக்கறோம்."

"இல்லடா, அது வேற பொம்மை."

"அதே தொப்பி."

"எல்லாத்துக்கும் ஒரே கடையில வாங்கியிருப்பாங்க."

"கொடியத் தூக்கட்டுமா?"

"பாவம், அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவங்கள என்றால் என்னைத்தான். எனக்கு அதற்குத்தானப்பா சம்பளம்! எதிரே ஒரு குடும்பம் வந்தது. இவன் வழிவிட்டு ஒதுங்கினான், அவர்களும் ஒதுங்கினார்கள், மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டதில் நாலு நிமிடம் போனது.

4

முதல் வரைவில் ஹாட்டியை ஒன்றும் தெரியாத பிள்ளையாக எழுதியிருந்தேன். அது தப்பு. வாசலுக்குப் போகும் வளைவு வரும்போதெல்லாம் அவள்தான் அப்பாவின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கிறாள். அவளுக்கு வழி தெரியும். வெளியே போனால் கார், காரில் ஏறினால் அம்மா வீடு, அப்புறம் திங்கட்கிழமை. அவன் கேட்கட்டும் என்று காத்திருக்கிறாள். இது புரிந்ததும் அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு அ: கேவின் கேட்டுவிடுகிறான். (நம்புவீர்களா? நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: கேட்காமலே வெளியே வந்து, ஆந்தைப் படம் போட்ட துண்டு வாங்கித் தருகிறான். (எழுத மாட்டேன்.)

முடிவு இ: ஹாட்டியே, "அப்பா, நான் இங்கயே உன்கூட..." (பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இதையும் கட்டுவதா?)

5

ஐந்து இருபத்தொன்பது. வாசல் வளைவு. இந்த முறை ஹாட்டி இழுக்கவில்லை.

"நீ ஏதாவது கேக்கணுமாப்பா?"

"ம்... வந்து..."

இதுவரை எழுதியதில் பெரும்பாலும் நானே கட்டியது. மேடையிலிருந்து உண்மையில் பார்த்தது இவ்வளவுதான்: வளைவில் ஓர் அப்பா மகளுக்கு எதிரே மண்டியிட்டிருந்தார். வாயைத் திறந்தார். மணி ஐந்தரை ஆனது. அந்த நேரம் பார்த்து, சட்டம் தப்பாமல், நான் ஒலிபெருக்கியை எடுத்து, "மன்னிக்கணும், மூடப்போறோம்" என்றேன். அவர் உடனே எழுந்து என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்று கையாட்டினார். கொடியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் காருக்குப் போனார்கள்.

யார்மீது எரிச்சல் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்தத் தடவை, கதைக்குள், ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டேன். பண்ணைக்காரர் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும். மழை இல்லை, எதிரே யாரும் வரவில்லை. கேவின் மண்டியிட்டிருக்கிறான். நானும் இந்த ஊரிலேயே கிடந்து இவர்களைப் போல ஆகிவிட்டேன், எனக்கும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. மிச்சத்தை நீங்கள் அவனுக்கு எடுத்துக் கொடுங்கள்:

"ஹாட்டி, நீ