தியோடர் திருத்திய லிஃப்ட் பாட்டு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கேட்டு வாங்கப்பட்ட கதை. பிரேசர் டவுன் தியோடர் கிட்டார் கலைஞர், நாட்டுப்பாடல் ஆய்வாளர், என் நண்பர். தன் அறுபதாம் பிறந்தநாள் மலருக்கு என்னை நாலு பக்கம் எழுதச் சொன்னார். பிரியாணி வாங்கித் தருவதாகவும் சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி: கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மக்களைத் தேடி நடந்த...

(சகிக்கவில்லை. காரில்தான் போனார்.)

2
அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே பாட்டு. சுமையோடு ஏணி ஏற முடியாத பெண்ணின் புலம்பல். நூறு வருடப் பழசு, இயற்றியவர் தெரியவில்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்.

அவருக்கு அதைப் பாடிக்காட்டிய [ஏழைப் பெண்ணை – அடித்துவிட்டேன்] பெர்னதெத்தைத் தேடிப் போனேன். வைட்ஃபீல்ட் அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலை. 2016இல் ஏழு மாத வயிற்றோடு பதினோரு மாடி படியேறியிருக்கிறார். வேலைக்காரர்களின் லிஃப்ட் ரிப்பேர். குடியிருப்பவர்களின் லிஃப்டில் விடவில்லை. அன்றைக்கு அவரே கட்டிய பாட்டு அது.

பாட்டில் ‘லிஃப்ட்’ என்றுதான் இருந்தது. பிற்காலத்தில் புகுந்த பிழை என்று தியோடர் அதை ‘ஏணி’யாக மீட்டெடுத்திருக்கிறார். “நானே கட்டினது சார்” என்று பெர்னதெத் சொன்னதையும் விடவில்லை. அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்: ‘பாடுவோர் பாடலைத் தமதாகவே உணர்கிறார்கள்.’ அடேயப்பா, ஆராய்ச்சி என்றால் சும்மாவா!

3
போன மாதம் சர்ச் விழாவில் பெர்னதெத் அதைப் பாடினார். தியோடர் சார் பாட்டைத் தப்பாகப் பாடுகிறாள் என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இனி தன் பாட்டைத் தானே பாட முடியாதா என்று என்னிடம் கேட்டார்.

தியோடரிடம் போய்ச் சொன்னேன். பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“பேரு தெரிஞ்சா அது ஃபோக்கே இல்ல மேன். அப்புறம் என் புக் என்னாகிறது?”

(அவர் மனம் திருந்துவதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிரியாணியைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

4
முடிவு அ: பிறந்தநாள் விழா மேடையில் தியோடர் பெர்னதெத்தின் பெயரைச் சொல்கிறார்.

முடிவு ஆ: பெர்னதெத் மேடையேறி மைக்கைப் பிடுங்கி... (கைதட்டல் வாங்கும் ஆசை. வேண்டாம்.)

இரண்டையும் பெர்னதெத்திடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு சார். இதுல யார் பேரு போடுவாங்க?”

என் பெயர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அவர் வாழ்க்கை, அவர் பாட்டு, கடைசியில் அவர் கேள்வியும்கூட. அச்சில் வரும்போது பார்ப்பீர்கள், என் பெயர் இருக்கும். அதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். எனக்கு மனசு வரவில்லை.