பசை படாத மேசை

சென்ற ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஏரிக்கரைத் தூண்டில் மன்றத்தின் ஆண்டு விருந்து மன்றக் கட்டிடத்தின் மேல்மாடியில் நடந்தது. உறுப்பினர்கள் மேலே சாப்பிட்டார்கள். அவர்களுக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர், கார் ஓட்டுநர்களோடு கீழ்த்தளத்தில் சாப்பிட்டார்.

புழு கோர்த்து மீன் பிடிப்பதை இந்த மன்றத்தார் கேவலமாக நினைப்பவர்கள். சிறு கொக்கியில் நூலும் இறகும் சுற்றி, பூச்சி என்று மீன் ஏமாறும்படி ஒரு பொய் ஈயைக் கட்டி வீசுவதுதான் அவர்கள் முறை. அதற்குக் கொக்கியைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டி வைஸ், நுனி கூர்ந்த கத்தரி, முடிச்சுப் போட வளைந்த கம்பி, முடிச்சு அவிழாமல் தடவப் பசை, இவற்றை வைத்து வேலை செய்ய ஒரு மேசை எல்லாம் வேண்டும். பட்டறைக்காரருடையது பல் செட் கட்டும் லேபில் பழகிய கை. விரலை அளந்துதான் கத்தரிக்கு வளையம் வளைப்பார். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் மேசையில் பள்ளம் செதுக்குவார். கருவி உள்ளே உட்கார்ந்தால் இடையில் நகம் நுழையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கருவியை எடுத்தால் மேசை பல் விழுந்த வாய் போல ஆகிவிடும் என்பதால் யாரும் எதையும் எடுப்பதில்லை. தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி தன் மேசைக்குக் கண்ணாடி மூடி போட்டிருந்தார். செயலாளரான கண் டாக்டர், பேரப்பிள்ளைகள் வந்தால் மேசை இருக்கும் அறையைப் பூட்டிவிடுவார். மன்றத்தார் ஏரிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கூட்டங்களில் மரத்தைப் பற்றியும் வார்னிஷைப் பற்றியும் பேசினார்கள்.

விருந்துக்கு மறுநாள் காலை பட்டறைக்காரர் காபி குடிக்கவில்லை.

"உன் தம்பியும் மேலதான் சாப்பிட்டான்," என்றார் மனைவியிடம். "'மாமா, கீழ நல்லா காத்து வரும்'னு சொல்லிட்டு விறுவிறுன்னு படியேறிப் போறான்."

"அவன் மெம்பர். நீங்களும் ஆகிடுங்க. டிரைவருங்களோட சாப்பிட்டதுல தப்பில்ல. ஆனா நீங்க செஞ்ச கத்தரியைப் பத்தி மேல அவங்க பெருமை பேசுவாங்க, நீங்க கீழ இருக்கணுமா?"

உறுப்பினராக, நிர்வாகக் குழுவின் முன்னால் முறையான மேசையில் ஒரு ஈ கட்டிக் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. இருப்பவர்கள் அனைவரும் ஸ்தாபகர்கள் என்பதால் யாரும் அதைக் கட்டிக் காட்டியதில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்டான மைத்துனன் விண்ணப்பத்தை முன்மொழிந்தான்.

"ஊர்ல கடை வெச்சவன் பாதிப்பேர் ஈ ஓட்டுறான். நீங்க ஒண்ணே ஒண்ணு கட்டினாப் போதும் மாமா."

பட்டறைக்காரர் சமையலறை மேடையில் ஒரு பழைய வைஸை மாட்டி, தலையணை இறகை வைத்துப் பழகினார். முதலில் கட்டியவை பஞ்சு உருண்டைகள் போல இருந்தன. போகப் போகக் கை வந்தது. ஒருநாள் அவர் சர்க்கரை டப்பா மேல் காய வைத்திருந்ததை மனைவி செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கி அடித்தாள். அன்று அவருக்குத் தைரியம் வந்தது.

ஆனால் பரீட்சைக்கு மேசை தர ஆளில்லை.

"குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் நீதிபதி. "அதுல யாரும் வேலை மட்டும் பாக்கக் கூடாது."

"நகத்தினா என்னோடதுக்கு லெவல் போயிடும்," என்றார் கண் டாக்டர்.

"நான் குடுத்துடுவேன் மாமா. உங்க தங்கச்சிதான் விடமாட்டா," என்று மைத்துனன் தன் மனைவியின் மேல் பழியைப் போட்டான்.

ஆகவே பட்டறைக்காரர் தனக்கே ஒரு மேசை செய்யத் தொடங்கினார். அவசரப்படுத்த வாடிக்கையாளர் இல்லை. ஈட்டி மரத்தை இழைத்து, மறுபடி இழைத்து, இழுப்பறைகளுக்குள் வெல்வெட் ஒட்டினார். ஒரு விரலால் தள்ளினால் இழுப்பறை பெருமூச்சு விட்டபடி உள்ளே போனது. இதுவரை செய்த எந்த மேசையும் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

பரீட்சை அன்று காலை மனைவி சொன்னாள்: "இதுல ஒண்ணு கட்டிப் பாத்துட்டுப் போங்களேன்."

"வேணாம்."

"ஏன்?"

"பசை சொட்டும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க சித்தி சோபா வாங்கிப் பத்து வருஷமாச்சு. பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கல. நாங்க போனா தரையிலதான் உக்காருவோம். நீங்களும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டீங்க."

மன்ற அறையில் மேசையை இறக்கியதும் குழுவினர் நாற்காலிகளை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். நீதிபதி "ஆரம்பிங்க" என்றார். பட்டறைக்காரர் வைஸில் கொக்கியை மாட்டினார். நூலைப் பிடித்தார். பசை பாட்டிலைத் திறந்து தூரிகையைத் தூக்கினார். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா என்று யோசிப்பதுபோல் தொங்கியது. கீழே பளபளக்கும் ஈட்டி மரம். அவர் தூரிகையைப் பாட்டிலுக்குள் திரும்ப விட்டு மூடியைத் திருகினார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்குக் கட்டத் தெரியும். ஆனா இந்த மேசையில கட்ட மனசு வரல."

மைத்துனன் தலையில் கை வைத்தான். "மாமா, கெடுத்துட்டீங்களே!"

நீதிபதி எழுந்தார். எதிலும் பட்டுவிடாதபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"டாக்டர், நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"பாட்டிலையே திறந்திருக்க மாட்டேன்," என்றார் கண் டாக்டர்.

"அப்ப இவருக்கு இன்னும் என்ன பரீட்சை? நம்ம ஆளுய்யா இவரு."

ஈ கட்டிக் காட்ட வேண்டும் என்ற விதியை அன்றே நீக்கினார்கள். பட்டறைக்காரரைச் சேர்க்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த விருந்தில் அவர் மேல்மாடியில், கண் டாக்டருக்கும் மைத்துனனுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.