இரண்டு பேராகத் தோற்பது

...அப்படியென்றால் போன தடவையும் அவள் வேண்டுமென்றேதான் தப்பாக அழுத்தினாளா, அதற்கு முந்தின தடவையும்... சேச்சே, இருக்காது, என் கண்தான் சரியில்லை, ஆனால் பார்த்தேனே, இப்போதுதானே பார்த்தேன், பயிற்சி அறைக்கு வருகிற வழியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குருவி நிற்கிறாள், நீராவிப் பெட்டியிலிருந்து அறுவைக் கத்தரிகள் அடுக்கிய தட்டு ஒன்று வெளியே வருகிறது, மேலே ஒட்டியிருக்கும் பட்டை கறுக்கவே இல்லை, சூடு சரியாக ஏறவில்லை என்று அர்த்தம், உடனே கையிலிருந்த திரையில் தட்டை நிறுத்தினாள், காரணத்தைத் தேர்ந்தெடுத்தாள், உறுதி செய்தாள், இத்தனையும் பக்கத்தில் நின்றவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே, கண்ணை அதில் வைக்கக்கூட இல்லை! தன் வீட்டுப் பூட்டை இருட்டில் திறக்கிறவள் மாதிரி விரல் தானாகப் போகிறது. நானும் அவளும் ஜோடியாக உட்கார்ந்து திரைப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டோமே, அதே பாடம்தான் அது.

ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் குருவி. போன வருஷம்தான் வேலைக்கு வந்தாள், இன்னும் நிரந்தரமாகவில்லை, என் சின்ன மருமகளைவிட இளையவள். ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, ஆவியில் வைக்கிற எங்கள் அறையில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவள். பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர், சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், வயது ஒரு தடையே இல்லை என்று பயிற்சி மேடம்தான் ஜோடி சேர்த்துவிட்டார். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. முதல் தடவை தப்பு என்று என் திரை சிவப்பானபோது தலையைத் தூக்கவே கூசியது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று... பார்த்தால் பக்கத்திலும் சிவப்பு. "அய்யய்யோ அக்கா, எனக்கும் ஊத்திக்கிச்சு!" என்றாள். எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "உன் மண்டையிலயும் களிமண்தானாடி?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கொடுத்தது போக மிச்சம்க்கா" என்றாள். அன்றைக்கு அப்படிச் சிரித்தோம்.

வீட்டில்கூட அதைத்தானே சொன்னேன். "என்ன, பரீட்சை எழுதப் போன பிள்ளை பாஸா?" என்று இவர் கேட்டபோது, அந்தச் சின்னப் பெண்ணுக்கே வரவில்லையாம், நான் எம்மாத்திரம் என்று அவளைத்தானே கேடயமாகப் பிடித்தேன். அவள் என்னவென்று நினைத்து உட்கார்ந்தாள்? பாவம், கிழவி தனியாகத் தோற்கக் கூடாது என்றா? யாரடி உன்னைக் கேட்டது... கோபம் வருகிறது, கோபம்தானா இது? போன வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னாரே, இது மூன்றாவது, இதுதான் கடைசி, இதிலும் வராவிட்டால் "உங்களைச் சலவைப் பக்கம் மாத்திடுவாங்கம்மா, அந்தப் பொண்ணுக்கு வேலை நீட்டிப்பு கிடையாது" என்று. சலவைக்குப் போனால் எனக்குச் சம்பளமாவது வரும், மூட்டை தூக்கி முதுகு போகும், போகட்டும். அவள்? அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் அவளும் குடியிருக்கிற அறைக்கு வாடகையே போகிறது. தெரிந்தும் விளையாடுகிறாளா, இல்லை, அக்கா இந்தத் தடவை எப்படியும் தேறிவிடுவாள், பின்னாலேயே நாமும் தேறிக்கொள்ளலாம் என்று என்னை நம்பிக் காத்திருக்கிறாளா? போயும் போயும் என்னை நம்பியா?

இதோ வந்துவிட்டாள், நாற்காலியை என் பக்கம் இழுக்கிறாள், கையில் இன்னும் சோப்பு வாடை. "என்னக்கா, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? பயமா?" உனக்கு இது வரும்தானே என்று கேட்டுவிடவா? கேட்டால் மழுப்புவாள், இல்லை அழுவாள், மேடம் வேறு எதிரிலேயே நிற்கிறார். "நீ உன் திரையைப் பாருடி" என்றேன், கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்துவிட்டது. "சரிங்க டீச்சர்" என்று உதட்டைச் சுழித்தாள். திரையில் தட்டு வந்துவிட்டது, பட்டை கறுக்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. அவள் விரல் அந்தரத்தில் நிற்கிறது, அழுத்தவில்லை. ஓரக்கண்ணால் என் கையைப் பார்க்கிறாள், ஆமாம், என் கையைத்தான்.

நிறுத்து, காரணம், உறுதி... இதுதானே, எனக்குத் தெரிகிறதே, எப்போதிலிருந்து தெரியும்? போன தடவையும் என் விரல் இந்த இடத்துக்கு வந்தது, சத்தியமாக வந்தது, வந்து நின்று, பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அவள் திரை அதற்குள் சிவந்துவிட்டிருந்தது, உடனே என் விரல் நகர்ந்து வேறெதையோ... பதற்றத்தில்தான் நகர்ந்தது என்று இவரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். பதற்றம்தானா? இந்தப் பெண்ணை எப்படித் தனியாக விட்டுவிட்டுத் தேறுவது என்று ஒரு நொடி நினைத்தேனா, அல்லது தேறிவிட்டால் இனி யாரோடு உட்கார்ந்து இப்படிச் சிரிப்பது என்றா... "ம், அழுத்துங்கக்கா" என்கிறாள், உதடு அசையாமல்.